வசதியில்லாத பிள்ளைகளை ஒரு வாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போவதில் என்ன பயன்?

கேள்வி, ஜனவரி 9

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் தங்கவைத்து, விடுதி, வகுப்பு, நூலகம் எல்லாம் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே படிக்க அவர்களிடம் பணம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு இடமும் கிடைக்கப்போவதில்லை. பசித்தவனுக்குப் பந்தியைக் காட்டிவிட்டு இலையை எடுக்கிற மாதிரி இல்லையா இது? அதே செலவில் இரண்டு பேரை முழுதாகப் படிக்க வைக்கலாமே? போய் வந்தவர்கள், கூட்டிப்போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

மூன்று முறை கூட்டிப்போயிருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பேர். பயன் இருக்கிறது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

முதல் பயணம், இரண்டாம் நாள், நூலக வாசல். ஒரு பையன் முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்திருந்த விருந்தினர் அட்டையை நீட்டியபடி நின்றான். சோதிக்க யாரும் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "யாரிடம் கேட்கணும் அக்கா?" என்றான். யாரிடமும் கேட்க வேண்டாம், உள்ளே போ என்றேன். அப்போதும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனான். மறுநாள் காலையில் அதே வாசலில் மற்றப் பிள்ளைகளிடம், "நிற்காதீங்க, சும்மா போங்க" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

எந்த வாசலுக்குப் போனாலும் அனுமதி கேட்டு நிற்கப் பழகிய பிள்ளை அது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் கொஞ்சம் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கையேடு கொடுத்தோ படம் காட்டியோ இதைச் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 10

கையேடு போதாது என்று நேற்று எழுதினேன். அது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 15 பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கல்லூரிப் படிப்பு பற்றிய தகவல் தொகுப்பு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே தொகுப்பைக் கொடுத்து, ஒரு கல்வியாண்டுக்குள் மூன்று முறை வளாகத்துக்கும் அழைத்துப்போனார்கள். போய் வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரி பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. பள்ளியில் ஆசிரியர்களிடம் அதுபற்றி அடிக்கடி பேசினார்கள். கடினமான உயர்நிலைப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களிடம் கூடியது. இரு தரப்புக்கும் தகவல் ஒன்றுதான். நேரில் போய் நின்றதுதான் வித்தியாசம்.

ஜனவரி 10, மாலை

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம், அப்புறம் நான் விட்டுவிட்ட ஒரு விஷயம்.

திருத்தம்: அந்தப் பிள்ளைகள் போனது தங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு. விசா இல்லை, விமானம் இல்லை, வேறு மொழி இல்லை. போனதும் மூன்று முறை. நாம் பேசுவது கடல் தாண்டி ஒரே ஒரு முறை போவதைப் பற்றி. ஆகவே அந்த முடிவை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. உற்சாகத்தில் எழுதிவிட்டேன்.

விட்டது: அதே ஆய்வில், போய் வந்த பிள்ளைகளிடம் தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளிக்குப் போகும் விருப்பம் குறைந்ததும் தெரிந்தது. இதை நல்ல செய்தியாக எண்ணிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, ஒரு அழகான கட்டடத்தைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டால் அது யாருக்கு லாபம்?

ஜனவரி 12

செலவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். "அங்கே படிக்கப் பணம் கிடையாது" என்று கேள்வியிலேயே முடிவு கட்டிவிட்டீர்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் விண்ணப்பமே போடுவதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற இடங்களில் வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் குடும்பத்தால் கட்ட முடியுமா என்று பார்க்காமலேயே இடத்தை முடிவு செய்கிறார்கள். இடம் கொடுத்துவிட்டால், கட்ட முடியாத தொகையை அவர்களே ஈடுகட்டுகிறார்கள். கட்டணப் பட்டியலில் இருக்கிற தொகையும் ஓர் ஏழைக் குடும்பம் உண்மையில் கட்டும் தொகையும் வேறு வேறு. இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டாம் பயணம் ஜெர்மனிக்கு. வரவேற்புரையில் ஒருவர், இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். விலக்குகளும் உண்டு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் விசாவுக்கு, ஓர் ஆண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். முடக்கி வைத்த வங்கிக் கணக்கில் 11,904 யூரோ, 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் கணக்கு. நாங்கள் போனபோது இதைவிடச் சற்றுக் குறைவு. மேடையில் அதை யாரும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் என் அறைக் கதவைத் தட்டினாள். போனில் அந்தத் தொகையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். "இலவசம்னு சொன்னாங்களே அக்கா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். உதவித்தொகை ஆவணம் இருந்தால் கணக்கில் பணம் காட்டத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் காலையிலேயே அந்தக் கணக்கைப் பன்னிரண்டு பேரோடும் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். அது என் வேலை. நான் செய்யவில்லை.

ஜனவரி 13

கீழே ஒருவர் விசாக் கட்டணம் பற்றிக் கேட்டிருக்கிறார். ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, குறுகிய காலக் கல்விப் பயணம் என்றால், மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணமே கிடையாது. விதியிலேயே இருக்கிறது. நிறையப் பேர் தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அது இருக்கலாம்.

பாஸ்போர்ட் செலவையும் மறக்காதீர்கள். பயணத்துக்குப் பணம் கொடுக்க வருகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். பிரிட்டன் தன் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 2021இல் தொடங்கிய டூரிங் திட்டத்தில், பின்தங்கிய குடும்பத்து மாணவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுச் செலவையும் சேர்த்தே கொடுத்தார்கள். யோசித்து வைத்த ஏற்பாடு.

ஜனவரி 15

விசா என்றதும் மூன்றாம் பயணம் ஞாபகத்துக்கு வந்து இரண்டு நாளாக உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அம்மா, அப்பா இருவரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் அப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து போடத் தெரியும், ஆனால் தனியாக வளர்க்கிறார் என்பதற்கு நீதிமன்றக் காகிதம் எதுவும் இல்லை. பிரிந்து போனவர்கள் எல்லாரும் நீதிமன்றத்துக்குப் போயா பிரிகிறார்கள்? பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை வேறு. பயணத்துக்குப் பத்து நாள் முன்பு விசா மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தில் இருந்தது இரண்டு வரி.

நாங்கள் செய்தது: ஏற்கனவே விசா வைத்திருந்த இன்னொரு பெண்ணை அந்த இடத்தில் சேர்த்தோம். இடம் வீணாகக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பணத்தைப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் ஏற்கனவே விசா வைத்திருக்கிற பெண் என்றால் யார்? ஏற்கனவே ஒரு முறை வெளிநாடு போனவள். அவள் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல பெண். யாருக்காக இந்த ஏற்பாடோ அவளை விட்டுவிட்டு, அது தேவைப்படாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனோம். காகிதம் இல்லாததும் வறுமையின் ஒரு பகுதி என்று அப்போது புரியவில்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பே காகித வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். சம்மதக் கடிதச் சிக்கல் இருக்கிற பிள்ளையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அல்ல.

ஜனவரி 19

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு முறையும் மதிப்பெண் வரிசைப்படி எடுத்தோம். மூன்றாம் முறை, ஒரு அளவு மதிப்பெண்ணுக்கு மேல் இருப்பவர்களின் பெயரைச் சீட்டு எழுதிப் போட்டு எடுத்தோம். வித்தியாசம் தெரிந்தது. மதிப்பெண் வரிசையில் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள் என்று பெயர் எடுக்கவே கவனமாக இருந்தார்கள். வரவேற்பவர்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று கேள்வியே கேட்க மாட்டார்கள். சீட்டில் வந்த பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். ஒருத்தி துணை வேந்தரிடமே, இந்தக் கட்டடத்தை இரவில் யார் துடைக்கிறார்கள் என்று கேட்டாள். அவளுடைய அம்மா துப்புரவு வேலை செய்கிறார். அவர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

ஜனவரி 20

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. பணம் கொடுத்தவர்களின் பேனரை விரித்துப் பிடிக்கச் சொல்லி, வளாகத்தின் நடுவில் பிள்ளைகளை நிற்கவைத்தார்கள். பேனரில் "வறிய மாணவர்களுக்கான" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கம் போன மாணவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். அதுவரை அங்கே படிக்கிறவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்த பிள்ளைகள், அந்தப் பத்து நிமிடத்தில் மறுபடியும் கையேந்த வந்தவர்கள் ஆனார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் பேனருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். இனி பேனர் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் கூட போவேன்.

ஜனவரி 24

மேலே உள்ளதையெல்லாம் படித்துவிட்டு, முதல் பயணத்தில் வந்த ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். இப்போது பட்டம் முடித்து வேலை பார்க்கிறாள், தன் நாட்டிலேயே. அவள் அனுமதியோடு சாரத்தைச் சொல்கிறேன்.

போய் வந்த பிறகு ஆறு மாதம் அவளுக்கு வீடு சின்னதாகத் தெரிந்ததாம். அங்கே தனி மேசை, தனி விளக்கு. இங்கே தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு முன்னும் அப்படித்தான் படித்தாள், அப்போது அது குறையாகப் படவில்லை. அம்மா மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்ததை நினைத்தால் இன்னும் வலிக்கிறது என்கிறாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தோம், அதில் மகிழ்ச்சி மட்டும்தானே எழுத முடியும்?

கேள்வி கேட்டவர் சொன்ன பந்தியும் இலையும் இதுதான். முதல் நாள் நான் அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. பயன் இருக்கிறது என்பதில் மாற்றம் இல்லை. வலியும் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் கேட்டறியவே இல்லை.

போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். "இல்லை அக்கா, ஆனா திரும்பி வந்ததும் யாராவது வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம்" என்று எழுதினாள்.

ஜனவரி 25

திரும்பி வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் சர் பீட்டர் லாம்பல் 1997இல் தொடங்கிய சட்டன் அறக்கட்டளை, அமெரிக்க-பிரிட்டன் கல்விப் பரிமாற்ற அமைப்பான ஃபுல்பிரைட் ஆணையத்தோடு சேர்ந்து 2012 முதல் அமெரிக்கப் பயணத் திட்டம் நடத்துகிறது. கட்டணமில்லாத அரசுப் பள்ளிகளில் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அமெரிக்க வளாகத்தில் கோடையில் தங்குவது அதில் ஒரு பங்குதான். போவதற்கு முன்னும் பின்னும் சொந்த நாட்டில் கூட்டி உட்கார வைத்துப் பேசுகிறார்கள், பெற்றோரையும் அழைக்கிறார்கள், நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பக் கட்டுரைக்கும் உதவித்தொகைப் படிவத்துக்கும் கூடவே இருக்கிறார்கள். அங்கே முழு உதவித்தொகையோடு போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பயணங்களில் விமான நிலையத்தில் கைகுலுக்கியதோடு சரி.

பன்னிரண்டு பேருக்குப் பதில் எட்டுப் பேரைக் கூட்டிப்போய், மிச்சமாகும் பணத்தில் திரும்பி வந்தபின் ஒரு வருடம் கூட இருக்க ஒரு ஆளைப் போட்டிருக்கலாம்.

ஜனவரி 27

ஒருவர் மிஷெல் ஒபாமாவை உதாரணம் காட்டியிருக்கிறார். ஆமாம், 2009இல் லண்டனில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பள்ளிக்குப் போனார், 2011இல் அந்தப் பள்ளி மாணவிகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே வரவழைத்து ஒரு நாள் கூட இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியின் தேர்வு முடிவுகள் நன்றாக உயர்ந்தன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் சைமன் பர்ஜஸ் கணக்கிட்டிருக்கிறார். எனக்கும் பிடித்த செய்தி. ஆனாலும் ஒரே பள்ளி, அதுவும் மிஷெல் ஒபாமா. நம்மைப் போன்றவர்கள் கூட்டிப்போகும் பயணத்துக்கு அதைச் சான்றாக வைத்துப் பணம் கேட்க வேண்டாம்.

ஜனவரி 30

எதைக் காட்ட வேண்டும் என்பதில் என் கருத்து மூன்று பயணங்களில் தலைகீழாக மாறிவிட்டது.

ஏற்பாட்டாளர்கள் காட்டுவது ஆய்வகம், பழைய மண்டபம், விளையாட்டரங்கம். பிள்ளைகள் திரும்பி வந்து பேசியது வேறு. மூன்றாம் பயணத்தில், மழையில் பேருந்து தாமதமாகி, வழிகாட்டியாக வந்த இரண்டாம் ஆண்டு மாணவனோடு ஒரு படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார வேண்டிவந்தது. முதல் பருவத்தில் கணக்கில் தோற்றுப்போனதை அவன் சொன்னான். ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பெட்டி கட்டியதையும், பேராசிரியரின் அறைக்கு வெளியே இரண்டு முறை வந்து கதவைத் தட்டாமல் திரும்பியதையும், மூன்றாம் முறை தட்டியதையும் சொன்னான். மாணவரைச் சந்திக்க என்று பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி அறிவித்திருப்பார்கள். வீட்டில் யாரும் கல்லூரி போயிராத பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. தொந்தரவு செய்யக் கூடாத நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். எங்கள் பிள்ளைகள் ஒருவர் விடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய இடத்தில் படிக்கிறவனும் தோற்பான், தோற்ற பிறகும் இங்கேயே இருப்பான் என்பது அவர்களுக்குப் புதிது.

கஷ்டங்களையும் மறைக்க வேண்டாம். சமூகவியலாளர் அந்தோணி ஆபிரகாம் ஜாக், அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் ஏழை மாணவர்களோடு பேசிப் பேசி எழுதியவர். வசந்த விடுமுறையில் உணவுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், வீட்டுக்குப் போகப் பணமில்லாத மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் சில இடங்களில் மாற்றினார்கள். ஒரு வார விருந்தாளியாகப் போகும் பிள்ளைக்கு மூன்று வேளையும் சாப்பாடு நிரம்பிய கூடம்தான் தெரியும். பூட்டிய கூடத்தைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

சாப்பாடு என்றதும் ஒன்று. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வேளையும் உண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. போய் இறங்கியதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. ஜெர்மனிப் பயணத்தின் கடைசி நாள் எல்லாரிடமும் கருத்து கேட்டோம். எல்லாரும் அருமை என்றார்கள். ஒரு பையன் மட்டும், "எனக்கு இந்த இடம் பிடிக்கலை" என்றான். ரொம்ப அமைதியாக இருக்கிறது, எல்லாரும் தனித்தனியாகப் போகிறார்கள், நான் படிக்க விரும்பும் பாடமும் இங்கே நன்றாக இல்லை, அந்தத் துறையில் மொத்தம் மூன்று ஆசிரியர்கள்தான் என்றான். அவன் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்திருக்கிறார்கள், இப்படிப் பேசலாமா என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்டான்.

அந்த மன்னிப்பை நான் வாங்கியிருக்கக் கூடாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாலு பல்கலைக்கழகம் சுற்றிப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், அது சரிப்படாது என்று சொன்னால் அதைத் தெளிவு என்கிறோம். இவன் சொன்னால் நன்றிகெட்டதனமா? அந்த வாரம் முழுக்க, அந்த இடத்தைத் தனக்குப் பொருந்துமா என்று எடைபோட்டுப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அந்த இடம் தங்களை ஏற்றுக்கொள்ளுமா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணங்களில் நான் எதிர்பார்க்க வேண்டியது அவன் செய்ததைத்தான். அதற்கு, ஏங்கவைக்கும் ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டினால் போதாது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று, கூடவே சொந்த நாட்டுக் கல்லூரி ஒன்று, ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஆர்கன்சா ஆய்வு பற்றி ஜனவரி 10இல் எனக்கு வந்த கவலைக்கும் இதுதான் வழி என்று தோன்றுகிறது.

அவனுக்கு நேற்று எழுதிவிட்டேன். அன்று நீ சொன்னது சரி, நான்தான் தப்பு என்று.

பிப்ரவரி 6

பதில் வந்தது. "அக்கா, அந்தத் துறையில இப்ப ஆறு பேர் இருக்காங்க, போன மாசம் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறான். இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 11

வரும் கோடையில் ஒரு குழுவோடு போகக் கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் என்றால் வருகிறேன், பேனர் கூடாது, திரும்பி வந்த பிறகு ஒரு வருடத்துக்கு ஆள் வேண்டும், முதல் மாதத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள், மற்ற இரண்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். விசா மறுக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவள் பெயரை முதலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலும் வந்தது. காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை நிரப்பி வைத்திருந்தார்கள். புதன்கிழமை மதியத்துக்கு மேல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு அனுப்பினேன். அந்த நேரத்துக்கு என்ன போடட்டும் என்று கேட்டு இன்று காலை மின்னஞ்சல் வந்தது. ஒன்றும் போட வேண்டாம், நூலகம் திறந்திருந்தால் போதும் என்று பதில் எழுதினேன்.